ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

கேள்வி: சமையல், துணி, மின்சாரம் வந்தால் தண்ணீர் மோட்டார் என்றே பொழுது போகிறது. யாங்கூனிலேயே பிறந்தும் பக்கத்து ஊர்களைப் பார்த்ததில்லை. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. எங்கே போகலாம்?
– ஓர் இல்லத்தரசி, யாங்கூன்

பதில்: உலை கொதித்து சாதம் வடிக்கும் நேரத்தில் ஆற்றையே கடந்துவிடலாம், சகோதரி! பான்சோடன் துறையில் படகேறினால் எதிர்க்கரை டலா. அங்கிருந்து வண்டி பிடித்தால் துவாந்தே, குயவர்களின் ஊர். வழிப்போக்கர் தாகத்துக்காக நம் தெருவோரங்களில் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பானைகள் சக்கரத்தில் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆசைப்பட்டுப் பெரிய பானையாக வாங்கிவிட்டால், தூக்கும் பொறுப்பு உங்கள் வீட்டுக்காரருடையது.

அடுத்த ஞாயிறு தன்லின். நம் பெரியவர்கள் சிரியம் என்பார்களே, அதுதான். போர்ச்சுகீசியர் பிலிப் டி பிரிட்டோவிடமிருந்து மன்னர் அனௌக்பெட்லுன் 1613இல் மீட்ட துறைமுகம். இன்னும் கொஞ்சம் போனால் சௌக்தானில் ஆற்றின் நடுவே யேலே பகோடா. கோபுரத்தைவிட மீன்களுக்குத் தீனி போடுவதில்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நம் தமிழர்களின் பீலிக்கான் கோயிலும் அந்தப் பக்கம்தான்.

அரை நாள்தான் கிடைக்கிறதா? வட்ட ரயிலில் ஏறுங்கள். சுமார் 46 கிலோமீட்டர் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். வழிதவறவே முடியாது. தன்யின்கோனில் தண்டவாளத்தை ஒட்டியே காய்கறிச் சந்தை.

வாரமெல்லாம் உழைக்கிற உங்களுக்கு இந்த ஒரு நாள் நியாயமாகச் சேரவேண்டியது. வீட்டில் அனுமதி கேட்காதீர்கள், தேதியைச் சொல்லுங்கள்.