அட்டையோடு விழுங்கிய மேதை

கேள்வி: என் வைட்டமின் டி மாத்திரை அட்டையை எங்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது. சத்து மாத்திரைதானே, சும்மா விட்டுவிடலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: தனக்குக் கொடுத்த மாத்திரையைக் கறித்துண்டுக்குள் ஒளித்துவைத்தாலும் பொறுக்கித் துப்புகிற ஜென்மம், உங்கள் மாத்திரையை மட்டும் அட்டையோடு விழுங்கும்! விட்டுவிடாதீர்கள் அம்மணி. வைட்டமின் சி என்றால் பெரும்பாலும் பேதியோடு போயிருக்கும். வாரத்துக்கு ஒன்று போடுகிற 60,000 யூனிட் சமாசாரம் வேறு. நாலு உள்ளே போனால் 10 கிலோ நாய்க்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகமே பழுதாகலாம். இன்று வாலாட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். வாந்தி, சோர்வு, ஓயாத தாகம் எல்லாம் மறுநாள்கூட வரலாம். இரும்புச்சத்து மாத்திரையும் ஆபத்துதான். ஜெல்லி மிட்டாய் மாதிரி வரும் வைட்டமினில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அரை மணியிலேயே சர்க்கரை சரிந்து தள்ளாட ஆரம்பிக்கும்.

வாந்தி எடுக்கட்டும் என்று உப்புக் கரைசல் புகட்டும் பக்கத்து வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். அந்த உப்பே விஷமாகும். நாயையும் மிச்ச அட்டையையும் தூக்கிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பார். அட்டை முழுசாக உள்ளே போயிருந்தால் மருந்துக்கடை பில்லையாவது எடுத்துப்போங்கள். அதையும் தின்றிருக்காது என்று நம்புகிறேன்.