மெடல், மேடை, மாலை: வாசகர் கேள்விகள்

கே: எங்கள் காலேஜ் ஆண்டு மலரில் 'சாதனையாளர்கள்' என்று 12 பக்கம் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர், மாணவர், ஆபீஸ் ஊழியர் வரை எல்லோரும் இருக்கிறார்கள். நான் மட்டும் இல்லை. என்ன செய்யலாம்?
(மல்லேஸ்வரம் மாணவர்)

ப: 13-ஆம் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் பிடித்துக் கொடுங்கள். அடுத்த வருஷம் 'சிறந்த அமைப்பாளர்' ஆகிவிடுவீர்கள். சும்மா சொன்னேன், மனசைத் தளரவிடாதீர்கள். உங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. பஸ் கண்டக்டருக்கு இன்றைக்கும் அது 'டாடா இன்ஸ்டிடியூட்'தான். ஜாம்ஷெட்ஜி டாடா கனவு கண்டு, அது 1909-இல் நனவாவதற்கு ஐந்து வருஷம் முன்பே கண்மூடிவிட்டார். அவருக்கே தன் சாதனையைப் பட்டியலில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நீங்கள் எம்மாத்திரம்!

கே: 'ஆனர்ஸ்' என்றால் என்ன? அதைப் படித்தால் கௌரவம் கூடுமா?
(ஓசூர் வாசகி)

ப: அந்தக் காலத்தில் கூடியது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் 'பி.ஏ. (ஆனர்ஸ்)' என்று அடைப்புக்குறியோடு போட்டால், சம்பந்தி வீட்டில் காபியோடு முறுக்கும் வரும். அண்ணாதுரை பச்சையப்பன் கல்லூரியில் படித்தது ஆனர்ஸ்தான். கர்நாடகத்தில் 2021-இல் நாலு வருஷ ஆனர்ஸ் கொண்டுவந்தார்கள். 2024-இல் மறுபடியும் மூன்று வருஷமே போதும் என்றார்கள். கௌரவத்துக்கு இப்போது ஆயுசு மூன்று வருஷம். இந்த ஆனர்ஸ் ஒரு பெண்ணை எப்படிக் கைவிட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கே: புரொபசர்கள் ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறார்கள். அதனால் சாமானியனுக்கு ஒரு பிரயோஜனமாவது உண்டா?
(சிவாஜிநகர் வியாபாரி)

ப: காலையில் என்ன சோப்பு போட்டுக் குளித்தீர்கள்? மைசூர் சாண்டல் என்றால் கேள்வியை வாபஸ் வாங்குங்கள். முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து முடங்கி, மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக் கட்டை விற்காமல் குவிந்து கிடந்தது. டாடா இன்ஸ்டிடியூட்டின் சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் மேற்பார்வையில் 1916-இல் இங்கேயே எண்ணெய் வடிக்க ஆரம்பித்தார்கள். அந்த எண்ணெயிலிருந்துதான் சோப்பு வந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு வாசனை கிடையாது என்று யார் சொன்னது?

கே: வேலை செய்வது நாங்கள், மேடையில் மாலை வாங்குவது எங்கள் தலைவர். இதற்கு விமோசனமே கிடையாதா?
(பெயர் வேண்டாம், இந்திராநகர்)

ப: பெயர் வேண்டாம் என்றதிலேயே தலைவரின் குணம் தெரிகிறது. சதீஷ் தவன் கதையை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுங்கள். 1962 முதல் 1981 வரை இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர். 1972-இல் விண்வெளித் துறைக்குத் தலைமை ஏற்கச் சொன்னபோது, 'தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும், இயக்குநர் பதவியையும் விடமாட்டேன்' என்று இரண்டு நிபந்தனை போட்டார். நடந்தது. 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் தவன். மறு வருஷம் ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அன்றைக்குப் பத்திரிகைக்காரர்களிடம் 'நீ போய்ப் பேசு' என்று கலாமை அனுப்பிவிட்டார். கலாம் இதைச் சொல்லாத ஊர் இல்லை. தவன் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

கே: சர் சி.வி.ராமன் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தாராமே? நம்ம திருச்சிக்காரர் அப்படிச் செய்திருப்பாரா?
(திருவானைக்காவல் வாசகர்)

ப: செய்தார். ஊர்ப்பாசத்தில் மறைக்க முடியாது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் (பின்னாளில் கமலா சோஹோனி) டாடா இன்ஸ்டிடியூட்டில் இடம் கேட்டு விண்ணப்பித்தார். பெண் என்பதால் கிடையாது என்றார் இயக்குநர் ராமன். அந்தப் பெண் காந்தி தேசத்துக்காரி அல்லவா, பெங்களூருக்கே வந்து அவர் அறை வாசலில் நின்று வாதாடினார். கடைசியில் ஒரு வருஷம் தகுதிகாண் நிலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்களின் கவனம் சிதறக்கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. கவனம் சிதறுகிறவனைத் திருத்தாமல் எதிரில் நிற்கிறவளுக்கு நிபந்தனை போடுவது நம் பழைய வழக்கம். 1939-இல் கமலா கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். ராமன் பெரிய விஞ்ஞானிதான், மனசுதான் குறுகல் என்று பிற்பாடு வாய்விட்டே சொன்னார். இரண்டும் உண்மை.

கே: சரியான காலேஜில் தப்பான குரூப்பில் சேர்ந்துவிட்டேன். மாறலாமா?
(ஒயிட்ஃபீல்டு மாணவி)

ப: ஜி.என்.ராமச்சந்திரன் 1942-இல் டாடா இன்ஸ்டிடியூட்டில் மின் பொறியியலில்தான் சேர்ந்தார். 'இவன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகப்படியான புத்திசாலி' என்று சொல்லி ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டதாகக் கதை. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் மூன்றிழைப் பின்னலைக் கண்டுபிடித்தார். 1963-இல் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட வரைபடம் 'ராமச்சந்திரன் பிளாட்' என்ற பெயரில் இன்றைக்கும் உலகமெங்கும் புரத ஆராய்ச்சிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நோபல் வரவில்லை. மாறுங்கள் அம்மா, அப்பாவிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். 'நோபல் வரவில்லை' என்ற வாக்கியத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.

கே: பட்டம் இல்லாமல் சாதித்தவர் பெங்களூரில் யாராவது உண்டா? பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ் என்று ஆரம்பிக்காதீர்கள்.
(அல்சூர் தாத்தா)

ப: ஆரம்பிக்கவில்லை தாத்தா. அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தார். வசதியான குடும்பம். எட்டாவது பிறந்தநாளுக்குப் பெண் குழந்தைகளுக்கு வைரத்தோடு போடுவது வீட்டு வழக்கம். எனக்குத் தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-இல் பி.எஸ்சி. ஆனர்ஸ். உதவித்தொகையோடு பெங்களூர் வந்து ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காதில் போட மறுத்த வைரம் அங்கே கையில் வந்து உட்கார்ந்தது. வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. திரவக் காற்றின் குளிரில் கல்லை வைத்து, புகைப்படத் தகட்டில் ஒளி பதிய 15 மணி, 20 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தது. 1942 முதல் 1945 வரை தனியாக எழுதி வெளியிட்ட கட்டுரைகள் ஐந்து.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அந்த நாளில் இன்ஸ்டிடியூட் மாணவர்களுக்குப் பட்டம் கொடுக்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகம். அம்மணிக்கு எம்.எஸ்சி. இல்லையே என்றது. ஆனர்ஸ் இருக்கிறது, உதவித்தொகை கிடைத்திருக்கிறது, ஐந்து கட்டுரை அச்சாகியிருக்கிறது; எதுவும் எடுபடவில்லை. ஆய்வேட்டில் குற்றம் கண்டுபிடித்திருந்தால்கூட மனசு ஆறும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலி என்பதற்காக நிராகரித்தார்கள்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. லண்டன் போனார், வானிலைக் கருவிகளைக் கற்றார், 1948-இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரானது. சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்று, பெங்களூருக்கே திரும்பி வந்து, காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகளுக்கு ஒரு பட்டறை போட்டார். டாக்டர் பட்டம் இல்லாததால் தன் வாழ்க்கையில் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பதே கடைசிவரை அவர் பேச்சு. அவருக்குக் குறையவில்லை என்பது சரி. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கே: பெங்களூர் வருகிறேன். லால்பாக், கப்பன் பார்க் தவிர என்ன பார்க்கலாம்?
(மதுரை வாசகர்)

ப: மேக்ரி சர்க்கிள் பக்கம் ராமன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டம் கிடைக்காத அன்னா மணியின் ஆய்வேடு, பட்டம் கிடைத்தவர்களின் ஆய்வேடுகளோடு அந்த நூலகத்தில்தான் பைண்டு செய்து வைக்கப்பட்டது.