தாத்தாவுக்குக் கைதட்டல், பாட்டிக்குப் புத்திமதி

கேள்வி: மேனாட்டுப் பாப் இசை நட்சத்திரங்களுக்கு மூப்பு, ஆணுக்கொரு விதமாகவும் பெண்ணுக்கொரு விதமாகவும் வருவதேன்?

பதில்: மூப்பு ஒரே விதமாகத்தான் வருகிறது; ரசிகர்களின் மூக்குக்கண்ணாடிதான் இரண்டு. 1943இல் பிறந்த மிக் ஜாகர், 80 பிராயத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோடு புதிய இசைத்தட்டு வெளியிட்டபோது, அவர் முகத்துச் சுருக்கங்களையெல்லாம் அனுபவத்தின் முத்திரைகளென்று ஸ்தோத்திரம் செய்த உலகம், அதே 2023இல், கிராமி விருது மேடையில் பிற கலைஞர்களை அறிமுகம் செய்ய வந்த 64 வயது மடோனாவின் பேச்சைச் செவிமடுக்காமல், அவர் கன்னத்தில் சுருக்கமில்லாததை மகாபாதகமாகக் கருதி விசாரணை நடத்திற்று. (சுருக்கம் இருந்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களாக்கும்!) ஜாகர் 73ஆம் வயதில் எட்டாவது குழந்தைக்குத் தகப்பனானதும் வீரப்பிரதாபத்தில்தான் சேர்ந்தது. அம்மையாரோ புத்திமதிகளைச் சட்டை செய்யாமல், அந்த 2023 அக்டோபரிலேயே லண்டனில் உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கிவிட்டார்.