ஆளில்லாத இடத்தில் அடக்கம்

கூடைப்பந்து வீரர் ஷாகில் ஓநீலின் பலத்தைப் பேசுவது வீண்வேலை. ஏழடி ஓரங்குலம், 4 என்பிஏ கோப்பைகள், 1993இல் தாங்கியோடு சாய்த்த கூடைகள், யார்தான் பாடவில்லை? அவர் மேன்மை, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் அல்லவா! 15 அடி தூரம், தடுக்க ஆளில்லை. இப்படி இளைத்து நிற்கும் கூடையில் பந்தைப் போடுவது பெரிய மனிதருக்கு அழகா? 5,317 முறை விட்டுக்கொடுத்தார். 2000 டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் 11க்கு 11ம் வெளியே. அந்த ஒழுங்கு யாருக்கு வரும்? எதிரணியினரோ அவருக்கு ஃப்ரீ த்ரோ தரவே பந்தை மறந்து அவரையே கட்டிப்பிடித்தார்கள். பாசம்தான்.

ரிக் பேரி என்ற வீரர் இதே ஃப்ரீ த்ரோவை இரு கையால் கீழிருந்து வீசி நூற்றுக்கு ஏறக்குறைய 90 போட்டவர். ஷாக் அந்த முறையைத் தொடவில்லை. கம்பீரம் என்னாவது?

மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தும் 22 முறை எறிந்தார். ஒன்று விழுந்துவிட்டது. அன்று கை தவறியிருக்கும்.