சூடத் தட்டும் மூவியோலாவும்

எங்கள் அப்பா ஈரோட்டுக் கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது. தினக் காலண்டர் ஒன்று உண்டு, அதிலும் ராகுகாலம் போட்டிருக்கும் இடத்தைப் பேனாவால் அடித்துவிடுவார். அப்படி வளர்ந்தவன் எண்பதுகளில் வேலை தேடி வந்து சேர்ந்த இடம் கோடம்பாக்கம். பூசணிக்காய் சுற்றாமல் அங்கே பிலிம் டப்பா திறக்காது. முதல் ஷாட்கூடக் கதாநாயகனுக்கு இல்லை, சாமி படத்துக்குத்தான்.

“வெட்டி ஒட்டறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகோணுமாடா? நம்மூர்ல டெய்லர் கடையே இல்லியா?” என்றார் அப்பா. எடிட்டிங் ரூமில் மூவியோலா என்ற வெட்டி ஒட்டும் இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை என்று பட்டது. காலால் மிதித்தால் கடகடவென்று ஓடும். உள்ளங்கை அகலத் திரையில் கதாநாயகி அழுவாள். அவள் குரல் தனிச் சுருளில் பக்கத்திலேயே ஓடும். கிளாப் அடித்த பிரேமையும் அந்தச் சத்தத்தையும் தேடிப் பொருத்துவது உதவியாளர்களான எங்கள் வேலை. பொருத்தம் ஒரு பிரேம் தவறினாலும் எடிட்டர் சார் நிமிர்ந்து பார்ப்பார். திட்டமாட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஆயுத பூஜையன்று மூவியோலாவுக்குச் சந்தனம், குங்குமம், பொரிகடலை. நான் கொள்கைப்படி வாசலில் நின்றேன். எடிட்டர் சார் உள்ளே கூப்பிட்டுச் சூடத் தட்டைக் கையில் கொடுத்தார். நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். 1950களின் தொடக்கத்திலேயே அதன் காலம் முடிந்து, அவ்வளவு சுலபத்தில் எரியாத அசிடேட் வந்துவிட்டது. ஆனால் சார் பழைய ஆள், பழைய பயம். “பக்திமான் கிட்ட குடுத்தா கண்ணை மூடிக்குவான். உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, திறந்து வெச்சிக்கிட்டு நில்லு” என்றார். அந்தப் பதவி அதன்பின் எனக்கே நிலைத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்த அறையில் சூடம் காட்டியவன் நாத்திகன்தான்.

என் நம்பிக்கை வேறொரு நாள் வந்தது, துடைப்பத்தில். ஒரு நடிகையின் குளோசப்பிலிருந்து வெட்டி எறிந்த ஆறு பிரேம்களைத் திரும்பக் கேட்டார் சார். ஆறு பிரேம் என்றால் கால் வினாடி. கையில் எடுத்தால் அரை அடிகூட இல்லை. துணித் தொட்டியில் தொங்கிய துண்டுகள், மேஜையடி, குப்பைக் கூடை எல்லாம் சலித்தோம். கடைசியில் கூட்டிய பையனின் துடைப்பக் குச்சிகளுக்குள் சிக்கியிருந்தது. துடைத்து, டேப் போட்டு ஒட்டி, ஓட்டினார். அதுவரை அந்தப் பெண் வீட்டை விட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இப்போது முடிவெடுத்துவிட்டாள். நடிகை எதையும் மாற்றவில்லை, வசனம் மாறவில்லை. இமை தாழ்ந்து முடிய இடம் கிடைத்தது, அவ்வளவுதான். சூடம் காட்டியபோது வராத ஏதோ ஒன்று அப்போது முதுகில் ஏறியது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விவரித்தேன். “அந்த ஆறு துண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் குடுத்தானா?” என்று கேட்டார்.

இடையில் வந்த கல்யாணக் கேசட் காலத்தை வேகமாக ஓட்டிவிடுகிறேன். கல்யாண வீட்டாரே ரிமோட்டில் அப்படித்தான் ஓட்டினார்கள். இரண்டு டெக், ஒரு மிக்சர், இதய வடிவில் திறக்கும் மணமக்கள். பிரதிக்குப் பிரதி படம் மங்கும். நாலாவது பிரதி வாங்கிய அத்தைக்குப் பட்டுப்புடவையின் நிறமே தெரியாது. ஆனாலும் ஒரு பாடம் கிடைத்தது: மாப்பிள்ளையின் சித்தப்பா இல்லாத எடிட் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடிட் அல்ல.

இப்போது நான் வாத்தியார். ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம் பிள்ளைகளுக்குப் படத்தொகுப்பு சொல்லித் தருகிறேன். அன்றைக்கு 400 அடி ரோல் நாலரை நிமிஷம்கூட ஓடாது. ‘ஸ்டார்ட்’ என்றதும் தயாரிப்பாளரின் முகம் வெளுக்க ஆரம்பிக்கும். இன்று ஐந்து நிமிஷக் குறும்படத்துக்கு ஒன்பது மணி நேரக் காட்சியோடு வருகிறார்கள். “எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தோம் சார்.” எல்லாவற்றையும் பார்த்தீர்களா என்றால் தலை குனிகிறது. மௌனத்தைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டித் தள்ளும் மென்பொருளும் வந்துவிட்டது. எனக்குச் சம்பளம் கொடுத்ததே அந்த மௌனத்தை எவ்வளவு விடுவது என்று தெரிந்துகொள்ளத்தான்.

இவர்களுக்கு நான் ஒரு பஞ்சகாலக் கதை சொல்வேன். 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் பிலிமுக்குப் பெரும் பஞ்சம். மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் லெவ் குலெஷோவின் மாணவர்கள் கேமராவில் பிலிம் இல்லாமலே படம் பழகினார்கள். நடிகர் மஸ்ஜூகினின் சலனமில்லாத ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்ட, ஆகா பசி, ஆகா துயரம் என்று பார்த்தவர்கள் உருகினார்களாம். அந்தப் பிலிம் இன்று யாரிடமும் இல்லை. ஆதாரம் தொலைந்த பிறகும் உலகத்துத் திரைப்படப் பள்ளிகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஓதும் கதை. அப்பாவிடம் சொன்னால் புராணம் என்பார்.

ஆனால் சோதித்துப் பார்க்க முடிகிற புராணம். ஒவ்வொரு புது வகுப்புக்கும் கேன்டீன் அண்ணன் முகத்தைப் படமெடுத்து வரச் சொல்கிறேன். அவர் குக்கர் விசிலுக்காகக் காத்திருப்பார். அந்த முகத்தை மாலை போட்ட போட்டோவோடு ஒட்டினால் வகுப்பே “ஐயோ பாவம்” என்கிறது. தூங்கும் குழந்தையோடு ஒட்டினால் “செம ஆக்டிங் சார்” என்கிறது. ஒரு பையன் அவரைத் தன் படத்தில் நடிக்கவே கேட்டுவிட்டான். நடிக்கச் சொன்னதும் நடித்தார், எல்லாம் கெட்டது.

என் வகுப்பில் சடங்குகளும் உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில். பேக்கப் பற்றிய இந்தச் சூத்திரத்தை முதல் வாரமே சேர்ந்திசையாகச் சொல்ல வைக்கிறேன். சொல்வார்கள். பிறகு ஹார்ட் டிஸ்க் படுத்ததும் வடபழனி முருகனிடம் ஓடுவார்கள். முருகனைக் குறை சொல்லமாட்டேன், அவர் பேக்கப் பொறுப்பு ஏற்கவில்லை. ஆயுத பூஜையன்று லேபில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பது பிள்ளைகள். யூஎஸ்பி துளைக்குள் குங்குமம் போகாமல் பார்த்துக்கொள்வது நான். பதவி உயர்வு எதுவும் இல்லை.

எல்லாருக்கும் இந்த எடிட்டிங் பித்து பிடிப்பதில்லை, பிடிக்கவும் வேண்டாம். எப்போதாவது ஒருவருக்குப் பிடிக்கிறது. இந்த முறை அது ஒரு பெண். காவேரிப்பாக்கத்திலிருந்து வருகிறாள், பாட்டி வெற்றிலை மடிப்பதை மட்டுமே படமாக எடுத்திருக்கிறாள். போன வாரம் நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: “சார், பாட்டி நிமிர்ற ஷாட்ல ரெண்டு பிரேம் ஜாஸ்தியா இருக்கோ?”

போட்டுப் பார்த்தேன். ‘மூணு’ என்று அனுப்பினேன்.

“இல்ல சார், ரெண்டுதான்” என்று பதில் வந்தது. விடியும்வரை வாதாடினோம். அவள் இரண்டைத்தான் எடுத்தாள்.