பாஷையும் ராஜ்யமும்

கேள்வி: சர்வகலாசாலையில் பிரெஞ்சும் டச்சும் பயில விரும்புகிறேன். அப்பாஷைகள் பேசும் நாடுகளின் அரசியலும் கலாசாரமும் எதற்கு? இலக்கணமும் அகராதியும் போதாவா?

பதில்: போதா. பெல்ஜியத்தின் லூவேன் நகரத்தில் 1425-ஆம் ஆண்டில் ஸ்தாபிதமாகி, பிற்காலத்தில் டச்சு, பிரெஞ்சு ஆகிய இரு பாஷைகளிலும் வித்தியாதானம் செய்துவந்த புராதன சர்வகலாசாலை, டச்சு பேசும் பிரதேசத்தில் பிரெஞ்சுப் பிரிவு நிலைத்திருக்கலாமா என்ற விவகாரம் முற்றி வீதிக்கு வந்து, 1968-ஆம் ஆண்டில் ஒரு மந்திரிசபையையே கவிழ்த்தபின், இரண்டாகப் பிரிய நேர்ந்தது. பிரெஞ்சுப் பிரிவினருக்காக, பிரெஞ்சு பேசும் பிரதேசத்து வயல்வெளியிலே லூவேன்-லா-நவ் என்றொரு புது நகரமே நிர்மாணமாயிற்று. நூல்நிலையத்துக்கும் பாகப்பிரிவினை நடந்தது: ஒற்றைப்படை எண் பெற்ற நூல்கள் ஒரு தரப்புக்கும், இரட்டைப்படை எண் பெற்றவை மறு தரப்புக்கும் போயின! இரு பாஷைகளின் இலக்கணத்தையும் கரைத்துக் குடித்தவனுக்கும், அவற்றைப் பேசுவோர் எதற்காக வீதிக்கு வந்தார்கள் என்பது விளங்காவிட்டால், அவன் கற்ற கல்வி பாதிக் கல்வியே. ஆகையால் அன்பரே, பாஷை, அரசியல், கலாசாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் போதிக்கும் பாடத்திட்டத்தையே நாடுங்கள். கூடுமானால் ஓராண்டேனும் அப்பாஷைகள் பேசும் நாட்டிலேயே வசித்துப் படியுங்கள்.