ஸ்கேனருக்குத் தெரியாத லைட்டர்

எங்கள் சேத்தூரில் எந்தப் பெட்டிக்கடையிலும் கேட்டுப் பாருங்கள். பத்து, பதினைந்து ரூபாய்க்கு பிளாஸ்டிக் லைட்டர் கிடைக்கும். இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 ஜூனிலேயே டெல்லி தடை போட்டது. பிறகு எப்படி வருகிறது? மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்க்கிறதா?

தடையின் அழகைப் பாருங்கள். முழு லைட்டர் வரக் கூடாது. துண்டு துண்டாக வரலாம்! உதிரிபாகங்களையும் தடுக்க வேண்டும் என்று உறைக்க 2024 அக்டோபர் ஆனது. பதினாறு மாதம். அதற்குள் கோர்க்கத் தெரிந்தவன் கோர்த்து விற்றுவிட்டுப் போயிருப்பான்.

எங்கள் பக்கத்தில் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி. அதை ஒட்டி அடுக்கிப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு ரூபாய் தீப்பெட்டியை இரண்டு ரூபாய் ஆக்க இந்தத் தொழில் பதினான்கு வருஷம் தயங்கியது. 2021 டிசம்பரில்தான் ஏற்றினார்கள். அதற்கே நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியைத் தின்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். 2022-ல் முதலமைச்சர் ஸ்டாலின் லைட்டருக்குத் தடை கேட்டு மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

அதே 2022 ஜனவரி 26-ல் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு சர்வதேச சுங்க தினம் கொண்டாடியது. 1971 முதல் நாமும் அதில் உறுப்பினர். அந்த வருஷக் கோஷம், டிஜிட்டல் மாற்றம், தரவுப் பண்பாடு. அங்கே தரவு. இங்கே தபால்.

நம் சுங்கத்துறையிலும் தொழில்நுட்பத்துக்குக் குறைச்சல் இல்லை. முகமற்ற மதிப்பீடு என்ற ஏற்பாட்டை 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும்தான் முதலில் தொடங்கினார்கள். சரக்கு ஒரு ஊரில், ஆவணம் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில். முகம் தெரியாவிட்டால் லஞ்சம் இராது என்று கணக்கு. 2025 அக்டோபரில் ஓர் இறக்குமதி நிறுவனம், சென்னை சுங்கத்தில் லஞ்சம் கேட்கிறார்கள், தொழிலையே நிறுத்துகிறோம் என்றது. சுங்கத்துறை மறுத்தது. நிதியமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. முகத்தை எடுத்தவர்கள் கையை எடுக்க மறந்தார்களா என்பதை விசாரணை சொல்லட்டும்.

அதே மாதம், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, தூத்துக்குடித் துறைமுகத்தில் இரண்டு நாற்பதடி கன்டெய்னர். முன்னால் சிலிக்கோன் பசை அடிக்கும் துப்பாக்கிகள். பின்னால் சீனப் பட்டாசு, ஐந்து கோடி ரூபாய்க்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். சிவகாசியின் வாசலிலேயே சீன வெடியா? வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் பிடித்தது. பாராட்டுவோம். பிடிபட்டதற்குப் போட்டோ உண்டு. பிடிபடாததற்குத் தீபாவளி உண்டு.

பிடித்த சரக்கை என்ன செய்வார்கள்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வெடிகுண்டுக்கு உதவும் பதினான்கு ரசாயனங்களைக் கண்காணிக்க உலக சுங்க அமைப்பும் இன்டர்போலும் ஐ.நா.வும் சேர்ந்து 2010-ல் 'குளோபல் ஷீல்டு' என்று ஒரு திட்டம் தொடங்கின. அந்தப் பட்டியலில் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒன்று. 2015-ல் சென்னை சுங்கத்துறை கரூர் நிறுவனம் ஒன்று தருவித்த அம்மோனியம் நைட்ரேட்டைப் பறிமுதல் செய்தது. 37 கன்டெய்னர், சுமார் 700 டன். கொண்டுபோய் மணலிக் கிடங்கில் வைத்தார்கள். வைத்தார்கள் என்றால், வைத்தே இருந்தார்கள். வழக்கு, கடிதம், கோப்பு. கொஞ்சம் சரக்கு 2015 வெள்ளத்தில் வீணானது. கடமையைச் செய்தது மழை மட்டும்தான். சுற்றிலும் குடியிருந்த மக்களுக்குத் தாங்கள் எதன் பக்கத்தில் தூங்குகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

2020 ஆகஸ்ட் 4. பெய்ரூட் துறைமுகத்தில் இப்படியே பறிமுதல் செய்து கிடப்பில் போட்ட அதே ரசாயனம் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். இங்கே கோப்புக்குக் கால் முளைத்தது. அந்த மாதமே மணலியிலிருந்து லாரிகள் ஹைதராபாத் கிளம்பின. ஐந்து வருஷம் அசையாத கன்டெய்னர்கள்!

சர்வதேச ஒத்துழைப்பு இல்லை என்று யார் சொன்னது? லெபனான் செத்து ஒத்துழைத்தது.